பின்னுக்குப் போங்க!

நாலந்தாவில் பிறந்தால் கல்லாய்ப் பிறக்க வேண்டும்.

இலங்கையின் ஏ9 வீதியிலிருந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால் கெடிகே வந்துவிடும். ஆயிரம் ஆண்டுப் பழைய கற்கோயில். வெளியே பல்லவர் பாணி, உள்ளே பௌத்தம். இந்தத் தீவில் சண்டை பிடிக்கிறவர்கள் யாருக்கும் வசதிப்படாத கட்டடம். மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது கோயில் மூழ்கிவிடும் என்று கண்டார்கள். அரசாங்கம் கல்லைப் பார்த்து, "நீச்சல் பழகிக்கொள்" என்று சொல்லவில்லை. "வெள்ளம் வருகிற நேரத்தில் உனக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்கவில்லை. ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, மேட்டுக்குச் சுமந்து, 1980 வாக்கில் திரும்பவும் அடுக்கிக் கட்டிக் கொடுத்தது.

அதே நாலந்தாவில், பஸ் தரிப்பிடத்தில், காலை ஆறு மணிக்கு ஒரு மாணவி நிற்கிறாள். அவளுக்கும் அரசாங்கம் ஒன்று கொடுத்திருக்கிறது. அறிவுரை.

ஏ9-ஐ யுத்த வீதி என்றார்கள். பிறகு சமாதான வீதி என்றார்கள். நான் பார்த்த அளவில் அது படிக்கப் போகிற பிள்ளைகளின் வீதி. தெற்கே போய்க் கண்டியைத் தாண்டினால் பேராதனை. வடக்கே மிகிந்தலையில் ரஜரட்டை. இன்னும் மேலே, 2021-ல் முழுப் பல்கலைக்கழகமான வவுனியா. முடிவில் யாழ்ப்பாணம். இந்த ஊருக்கோ பழைய பிஹார்ப் பல்கலைக்கழகத்தின் பெயர். பெயருக்கு ஒரு குறையுமில்லை.

என் அக்காவின் மகள் இந்த வீதியில் போய்ப் படிக்கிறவள். முதல் நாள் அக்கா அவளுக்குக் கட்டிக் கொடுத்தவை: இடியப்பம், சம்பல், ஓர் அட்டை சேப்டி பின்.

"பெருசா இருக்கிறதைப் பையோட பட்டியில குத்திக்க. உள்பக்கமா குத்தாத, சட்டுன்னு எடுக்க வராது."

இதை அக்காவுக்கு எங்கள் அம்மா சொல்லிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் தாய் மகளுக்குத் தருகிற பரம்பரைச் சொத்து என்று பார்த்தால் நகை பாதியில் அடகுக்குப் போய்விட்டது. பின் மட்டும் மூன்று தலைமுறையாகக் கைமாறுகிறது. அதைவிட நம்பகமான பாதுகாப்பு நிறுவனம் நாட்டில் எனக்குத் தெரியாது. லீவு போடாது. இடமாற்றம் கேட்காது. "இது உங்க ஏரியா இல்லையே" என்று வேறு நிலையத்துக்கு அனுப்பாது.

ஐ.நா. சனத்தொகை நிதியம் இலங்கைப் பெண்களிடம் கேட்டுக் கணக்கெடுத்து, 2017-ல் வெளியிட்டது. பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள் 90 சதவீதம். பொலிஸிடம் உதவி கேட்டுப் போனவர்கள் 4 சதவீதம். இந்தக் கணக்கு வந்ததும் நாடு அதிர்ந்தது என்று எழுத ஆசைதான். அதிர்ந்தவர்கள் யார்? 90 சதவீதத்தினருக்கு அது செய்தியே இல்லை. மற்றவர்கள் பஸ்ஸில் ஏறுவதில்லை.

நம் பஸ்ஸை ஒரு தடவை உள்ளிருந்து பாருங்கள். சாரதியின் தலைக்கு மேல் புத்தர், பிள்ளையார், இயேசு, சுற்றிவர மின்னுகிற பல்ப். முன் ஆசனம் மதகுருமாருக்கு என்று எழுதி வைத்திருக்கிறது. அதில் தெரியாமல் ஒரு பிள்ளை உட்கார்ந்துவிட்டால் பஸ்ஸே பொங்கி எழும். ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். அதே பிள்ளை பின்னால் நின்றுகொண்டு "கையை எடுங்க" என்று சத்தம் போட்டால் ஐம்பது பேருக்கும் ஒரே நேரத்தில் வெளியே வயல் தெரியும். கெடிகேயின் அடித்தளக் கல்லில் ஒரு புணர்ச்சிச் சிற்பம் இருக்கிறது. அதைக் காட்டும்போது எல்லோருடைய குரலும் தாழ்ந்துபோகும். கல்லுக்குக் கூச்சப்படத் தெரிந்த சமூகம்தான் இது.

சரி, அறிவுரைகளுக்கு வருவோம். இருட்டில் போகாதே. தனியாகப் போகாதே. இறுக்கமாக உடுக்காதே. காதில் இயர்போன் வேண்டாம். ஓட்டோவில் ஏறினால் நம்பரைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பு. இவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தால் ஒரு பிள்ளை பகல் பத்திலிருந்து மூன்றுவரை, கூட்டமாக, போர்வைக்குள், காது திறந்தபடி பட்டம் படிக்கலாம். விரிவுரை எட்டு மணிக்குத் தொடங்குகிறது என்பது அவளுடைய தனிப்பட்ட பிரச்சினை.

அறிவுரை தீர்ந்த இடத்தில் செயலமர்வு தொடங்கும். அப்படி ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்தக் கல்வி நிறுவனம் என்பது வேண்டாம். எதுவாக இருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். "பெண் மாணவிகளுக்கான தற்காப்புப் பயிற்சி" என்று பெனர். ("ஆண் மாணவி"களுக்கு எப்போது என்று கேட்க நினைத்தேன்.) பிரதம அதிதி ஒன்றரை மணிநேரம் தாமதம். மங்கள விளக்கு. வரவேற்பு நடனம். பொன்னாடை. "பெண்கள் நாட்டின் கண்கள்" என்று தொடங்கிய அதிதி, கண்களைக் காகிதத்திலிருந்து எடுக்காமலே நாற்பது நிமிடம் வாசித்தார். பிறகு ரோல்ஸும் மைலோ பக்கெட்டும். மிச்சமிருந்த இருபது நிமிடத்தில் கராத்தே மாஸ்டர் வந்து, மெத்தை விரித்து, தன் மாணவர் ஒருவரையே பிடித்து, முன்கூட்டிச் சொல்லிவைத்தபடி விழுத்தினார். கைதட்டல். சான்றிதழ். படம்.

கூட்டம் முடிய மாலை ஆறரை. "இருட்டில் போகாதே" என்று காலையிலிருந்து பாடம் கேட்ட பிள்ளைகள் இருட்டில் பஸ்ஸுக்கு நின்றார்கள். பிரதம அதிதியின் வாகனம் அவர்களைத் தாண்டிப் போயிற்று. பின் சீட்டில் பொன்னாடையும் பூமாலையும் பத்திரமாகப் போயின.

அன்றிரவு மருமகளிடம் கேட்டேன், கராத்தே பழகுகிறாயா என்று.

"பஸ்ஸுல காலைத் தூக்கி உதைக்கணுமா மாமா? காலை வைக்கவே இடமில்ல."

கராத்தேயில் குற்றமில்லை. ஒழுங்காகக் கற்றுக் கொடுத்தால் தற்காப்பு பலிக்கும், அதற்கு ஆதாரமும் இருக்கிறது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில், முதலாம் ஆண்டு மாணவிகள் ஏறத்தாழ 900 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு 12 மணிநேரப் பயிற்சி. மறு பாதிக்குக் கையேடுகள் மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். கையேடு வாங்கியவர்களில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 9.8 சதவீதம். பயிற்சி பெற்றவர்களில் 5.2. நம் அலுவலகங்கள் கட்டுக்கட்டாக அச்சடித்து அலமாரியில் பூட்டி வைத்திருக்கிற கையேடு இருக்கிறதே, அது இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பன்னிரண்டு மணிநேரத்தில் அடியும் உதையும் ஒரு பங்குதான். தெரிந்தவனிடமிருந்து வருகிற ஆபத்தை அடையாளம் காண்பது, அவன் மனம் நோகுமே என்று பார்க்காமல் முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்பது, இவற்றுக்குத்தான் நேரம் நிறையப் போனது. இதைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாம் என்ன கற்றுக் கொடுக்கிறோம்? பெரியவங்களை எதிர்த்துப் பேசாத. சத்தமாச் சிரிக்காத. மாமா கூப்பிடுறார், போய் மடியில இரு. பதினெட்டு வருடம் உட்கார்ந்து பிள்ளையின் கையில் இருக்கிற ஆயுதங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பறித்து வைத்துவிட்டு, பத்தொன்பதாம் வருடம் இருபது நிமிடத்துக்கு ஒரு மாஸ்டரை அழைத்து வருகிறோம்.

அடுத்து மிளகு ஸ்பிரே. மாத்தளை மாவட்டத்துக்காரனிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். வீதியோரமெல்லாம் வாசனைத் தோட்டம். வெள்ளைக்காரருக்கு மிளகுக்கொடியைக் காட்டிக் காட்டியே வயிறு வளர்க்கிற ஊர்கள். மிளகு கிலோக் கணக்கில் கிடைக்கும். ஸ்பிரே கேட்டால் கடைக்காரர் கொசுமருந்தை எடுத்து நீட்டுவார். அந்த ஸ்பிரேயில் எரிவது மிளகே இல்லை, மிளகாய்ச் சத்து. அது வேறு கதை. கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். ஷட்டர் மூடிய மழைநாள் பஸ்ஸில் அதை அடித்தால் அடித்தவள், கைக்குழந்தை, சாரதி எல்லோரும் கண்ணைக் கசக்கவேண்டியதுதான். தொட்டவன் முதல் ஆளாக இறங்கிப் போவான். வாசலுக்குப் பக்கத்தில் நிற்பது அவன் வழக்கம்.

இங்கேதான் பின் ஜெயிக்கிறது. இரண்டு அங்குல இடம் போதும். சத்தம் வராது, சாட்சி வேண்டாம். தொடுகிறவனின் பலமே "பஸ் குலுங்கிச்சு" என்கிற ஒரு வாக்கியம். பஸ் குலுங்கினால் பின்னும் குலுங்கும்.

ஆனால் சட்டம்? அதையும் பார்ப்போம். 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தற்காப்பு உரிமையைத் தந்திருக்கிறது, 89-ஆம் பிரிவிலிருந்து. 92-இல் ஒரு நிபந்தனை: அரச அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும்போது அந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் நோகடிக்கவும் கூடாது. எவ்வளவு நாகரிகமான வாக்கியம்! எழுதிய வெள்ளைக்காரர் கூப்பிட்ட குரலுக்கு அதிகாரி வருகிற தேசத்தைக் கனவு கண்டிருக்கிறார். நூற்று நாற்பது வருடமாக அந்த அதிகாரி வந்துகொண்டே இருக்கிறார்.

1995-இல் 345-ஆம் பிரிவைத் திருத்தினார்கள். பாலியல் தொல்லைக்கு ஐந்தாண்டு வரை சிறை. நல்ல சட்டம், பஸ்ஸில் ஒட்டவும் அழகாக இருக்கிறது. அதைப் பயன்படுத்த அவள் என்ன செய்ய வேண்டும்? பஸ்ஸை நிறுத்த வேண்டும். கொண்டக்டர், "தங்கச்சி, ஒரு ஆளுக்காக எல்லாரும் லேட்டாகிறதா?" என்பார். அதையும் மீறினால் பொலிஸ் நிலையம். மகளிர் பணியகம் என்ற பலகைக்குக் கீழே வாங்கில் காத்திருப்பு. அவள் தமிழில் சொல்வாள், புத்தகத்தில் சிங்களத்தில் என்ட்ரி விழும். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987-ல்; அந்தச் செய்தி வாங்குவரைக்கும் வந்து சேர இன்னும் பஸ் கிடைக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். நடுவில் ஒரு கேள்வி வரும். எந்த மொழியில் கேட்டாலும் அவளுக்கு விளங்குகிற கேள்வி: "ஏன் அந்த பஸ்ஸில் ஏறினீங்க?"

நூற்றில் 96 பேர் ஏன் பொலிஸுக்குப் போகவில்லை என்று இனி யாரும் ஆய்வு நடத்தத் தேவையில்லை.

மக்களே பிடித்துக் கொடுத்தால்? அதையும் செய்து பார்த்தாயிற்று. 2015 மே மாதம், இதே ஏ9 கொண்டுபோய் விடுகிற வடக்கில், புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன மாணவியைச் சிதைத்துக் கொன்றார்கள். பிரதான சந்தேகநபரை ஊர்ச்சனம் பிடித்துக் கட்டி வைத்தது. கட்டுண்டவன் அவிழ்ந்து கொழும்புவரை போனான். 2017 செப்டெம்பரில் அவனோடு சேர்த்து ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தார்கள். அவனைத் தப்பவிட உதவினார் என்று 2025-ல் வவுனியா மேல் நீதிமன்றம் ஒருவருக்கு நான்கு வருடச் சிறை கொடுத்தது. அவர் யார்? முன்னாள் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபர். பாதுகாப்பை நாடச் சொல்லிச் சட்டம் கைகாட்டுகிறதே, அந்த அதிகாரிகளின் ஏணியில் உச்சிப்படிக்குப் பக்கத்துப் படி.

ஆண்பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லையே என்பீர்கள். அவர்களுக்கு ஆபத்து வளாகத்துக்கு உள்ளேயே இருக்கிறது, அண்ணா என்ற பெயரில். 1997-ல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு வந்த தமிழ்ப் பையன் பகிடிவதையில் சிறுநீரகம் செயலிழந்து செத்தான். அடுத்த வருடம் பகிடிவதைக்கு எதிராக 20-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2002-ல் ஸ்ரீ ஜயவர்தனபுரவில் பகிடிவதையை எதிர்த்த மாணவன் அடித்துக் கொல்லப்பட்டான். 2020-ல் அதே வளாகத்தில் படிக்கட்டில் உருட்டிவிட்ட டயர் ஒரு முதலாம் ஆண்டு மாணவனின் தலையில் மோதியது. ஒவ்வொரு தடவையும் உபவேந்தர்கள் வருந்தினார்கள். வருத்தம் தெரிவிக்கும் கலையில் நம் உயர்கல்விக்கு உலகத் தரம்.

தமிழ்நாட்டைப் பார்த்து ஆறுதல் அடையலாமா? 2024 டிசம்பர் 23 இரவு, சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே மாணவி மீது பாலியல் வன்கொடுமை. அவள் துணிந்து புகார் கொடுத்தாள். புகாரின் முதல் தகவல் அறிக்கை அவளுடைய விவரங்களோடு இணையத்தில் ஊர்சுற்றியது. அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடு என்று உயர் நீதிமன்றம் தலையிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கண்டனம் தெரிவித்து, அப்போது பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை தன் வீட்டு வாசலில் தன்னைத்தானே சாட்டையால் ஆறு தடவை அடித்துக்கொண்டார். அடிபட வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் எத்தனையாவது என்பது இருக்கட்டும். அடிக்கத் தெரிந்த ஒருவர் சரியான முதுகைத் தேடவில்லையே என்பதுதான் என் வருத்தம். குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை, 30 வருடம் குறையாமல்.

கொல்கத்தாவில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்டில் பெண் மருத்துவரைக் கொன்றபின் மேற்கு வங்க அரசு கண்ட வழி: இயன்றவரை பெண்களுக்கு இரவு வேலை வேண்டாம். கடிக்கிற நாயை விட்டுவிட்டு நடக்கிறவளைக் கட்டிப்போடுகிற யோசனை. உச்ச நீதிமன்றம் அதட்டிய பிறகுதான் அடங்கினார்கள்.

இது ஆசியப் புத்தி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கப் பெண்கள் ஒரு காலத்தில் தொப்பியில் நீள ஊசி குத்தினார்கள். டிராம் வண்டியில் உரசுகிறவனுக்கு அதில் ஒன்று கிடைக்கும். நகரங்களுக்குக் கவலை வந்தது. 1910-ல் சிக்காகோ நகரசபை கூடி, சூடாக விவாதித்து, விதி செய்தது. உரசுவதற்கு எதிராகவா? தொப்பி ஊசியின் நீளத்துக்கு எதிராக! மீறினால் அபராதம் 50 டொலர்.

எனக்கு அடிவயிற்றில் பயமே இதுதான். என்றாவது ஒருநாள் நம் ஆட்களும் விழித்துக்கொள்வார்கள். கமிட்டி போடுவார்கள். மூன்று மாதம், இரண்டு நீடிப்பு, ஒரு சிங்கப்பூர்ப் பயணம். அறிக்கை வரும்: பஸ்ஸில் பின் கொண்டுபோகத் தடை. ஆண்களின் பாதுகாப்புக் கருதி.

அமைச்சர்களைக் காப்பதற்கென்றே பொலிஸில் ஒரு தனிப் பிரிவு வைத்திருந்த நாடு இது. இருட்டில் போகாதீர்கள் என்று எந்த அமைச்சருக்கும் யாரும் சொன்னதில்லை. உடுப்பைப் பற்றிக் கேட்டதில்லை. ஒரு அமைச்சரையாவது இருபது நிமிடக் கராத்தேக்கு அனுப்பியதாகச் செய்தி இல்லை. ஆபத்து என்றதும் அவர்களுக்கு முன்னால் ஜீப், பின்னால் ஜீப். பாதுகாப்பு என்றால் என்ன என்று அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரியும். கல்லுக்கும் அமைச்சருக்கும் செய்து காட்டியிருக்கிறது.

நாலந்தாவில் மணி ஆறேகால். மாத்தளைப் பக்கமிருந்து பஸ் வருகிறது. கதவில் நான்கு பேர் தொங்குகிறார்கள். தரிப்பிடத்தைத் தாண்டி இருபது யார் தள்ளித்தான் நிற்கும். பிள்ளை பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறாள். ஒரு கால் படியில் படுவதற்குள் பஸ் நகர்கிறது. தலைக்கு மேலே மூன்று தெய்வங்களும் மின்னுகின்றன. கொண்டக்டர் கத்துகிறார்:

"பின்னுக்குப் போங்க! பின்னுக்கு இடமிருக்கு, பின்னுக்குப் போங்க!"

அவள் பையின் பட்டியைத் தடவிப் பார்க்கிறாள். இருக்கிறது.